இன்னும் கட்டவில்லை

டோர்ஸ்ஹவுன் படகுத்துறை அலுவலகத்தின் பின்னறையில்
எனக்கொரு மேசை, சூடேற மறுக்கும் ஒரு ஹீட்டர்,
வேலையை விட்டுப்போன ஹோக்னி
எழுதிவைத்த நாற்பத்தாறு மெத்தட்கள்.
நாற்பத்தைந்து வேலை செய்யும்.

மிச்சமிருந்த ஒன்றின் பெயர்
குளிர்லாரிக்கு இடம் ஒதுக்கு.
உள்ளே ஒரே வரி:
யார் கேட்டாலும் ட்ரூ என்று சொல்.
அதன் தலைமேல் ஒரு குறிப்பு:
"வெள்ளிக்கிழமை முடிக்கிறேன்."
எந்த வெள்ளிக்கிழமை என்று இல்லை.

ஒப்புக்குச் சப்பாணியாய் ஆட்டத்தில் சேர்த்தது.
வீட்டுக்குள்ளேயே கிடந்திருந்தால் நட்டமில்லை.
அதைக் கொண்டுபோய்
பொதுவாசலில் நிறுத்திவிட்டான்.
பெயரைப் பார்த்தவர்கள் கூப்பிட்டார்கள்.
கூப்பிட்டவர்களுக்கெல்லாம்
அது தலையாட்டிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி ஒன்பது, தெற்குத் தீவில்
பதினெட்டு டன் சால்மனோடு
துமாஸ் வரிசையில் நின்றார்.
திரையில் இடம் இருந்தது.
படகின் வயிற்றில் இல்லை.
கதவு மூடியதை,
அடுத்த படகு காற்றுக்குப் பயந்து வராததை,
கோபமே இல்லாமல் போனில் சொன்னார்.
அதுதான் தாங்கவில்லை.
"இடம் இருக்கு என்று சொன்னது யார்?"
"உள்ளே யாருமே இல்லை" என்றேன்.
வேறென்ன சொல்ல.

இல்லையென்று சொல்லாத வாயை
உலகம் புகழ்கிறது.
கை காலியாக இருக்கையில்
அது வள்ளலின் வாயா?

"தூக்கிவிடு அதை" என்றாள் சுன்லைவ்.
பதினொரு கம்பெனிகளின் நிரல்கள்
பெயர் சொல்லி அதை அழைக்கின்றன;
தூக்கினால் அத்தனையும் படுத்துவிடும்.
"ட்ரூவை ஃபால்ஸ் ஆக்கிவிடேன்" என்றான் யோக்குப்.
அதுவும் பொய்தான், யோக்குப்.
பார்த்தேன், இடமில்லை என்பது வேறு.
நான் பார்க்கவே இல்லை என்பது வேறு.

கடைசியில் இப்படி எழுதினேன்:
கூப்பிட்டால் சத்தம் போட்டு விழு.
விழும்போது இதைச் சொல்:
"இது இன்னும் கட்டவில்லை.
இடம் வேண்டுமானால் ரன்வோவிடம் கேளுங்கள்."
கீழே என் கைபேசி எண்.
இதெல்லாம் ஒரு பிழைச்செய்தியா என்றாள் சுன்லைவ்.

முதல் இரவே மூன்று கம்பெனிகள் கத்தின:
நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!
நன்றாக இல்லை, ஐயா.
சத்தமில்லாமல் இருந்தது.

பிறகு பதினோரு வாரம்
அந்த மெத்தட் நான்தான்.
அதிகாலை நாலே முக்காலுக்கு மணி அடிக்கும்.
காற்றின் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல்
லாரியின் நீளம் சொல்லும்.
பென்சிலால் நோட்டில் கட்டம் போடுவேன்,
படகின் துணைமாலுமியை எழுப்புவேன்,
அவர் திட்டியபடி எண்ணிச் சொல்வார்.

அவர் எண்ணியது இடத்தை அல்ல என்று
மூன்றாம் வாரம்தான் புரிந்தது.
குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும்.
தளத்தில் இருப்பது நாலு பிளக்.
அதில் ஒன்று, ஈரம் பட்டால் வேலை செய்யாது.
இங்கே ஈரம் படாத நாள் எது?
ஹோக்னியின் மெத்தட்
நீளத்தை மட்டும் வாங்கிக்கொண்டது;
பிளக்கைக் கேட்கவே இல்லை.
சொன்ன வெள்ளிக்கிழமையே முடித்திருந்தாலும்
தப்பாகத்தான் முடித்திருப்பான்.
அவன்மேல் எனக்கிருந்த கோபம்
அன்று பாதி குறைந்தது.
மிச்சப் பாதி அந்த ட்ரூவுக்கு.

ஏப்ரல் கடைசியில் புதிதாக ஒன்று எழுதி
பழையதன் பக்கத்தில் வைத்தேன்.
பழையது இன்னும் விழுகிறது;
விழும்போது புதியதைக் கைகாட்டுகிறது.
என் எண்ணை எடுத்துவிட்டேன்.
நாலே முக்காலுக்கு விழிப்பு மட்டும்
இன்னும் வருகிறது.

ஒருநாள் துமாஸ் அழைத்தார்,
எண்ணைக் குறித்து வைத்திருந்தாராம்.
"இப்போது அது நிஜமாகவே பார்க்கிறதா?"
"பார்க்கிறது."
"இல்லையென்றால் இல்லை என்று சொல்லுமா?"
"கேட்டுப் பாருங்கள்."

கேட்டார்.
இடமில்லை என்றது.
நன்றி என்று சொல்லிவிட்டு
லாரியைத் திருப்பிக்கொண்டு
தூங்கப் போனார்.